ஏழாவது மாடி ஜன்னலுக்குக் கம்பி போட்டாச்சா?

அரியலூர் மாவட்டம், ஆண்டிமடத்தை ஒட்டிய வரதராஜன்பேட்டை. முந்திரிக் காடுகள் சூழ்ந்த பேரூராட்சி. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் ஜன்னல்களைக் கவனித்திருக்கிறீர்களா? கனமான மரச்சட்டம், மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு, நடுவில் நெடுக்குவாட்டில் வரிசையாக இரும்புக் கம்பிகள். பிள்ளைகள் அந்தக் கம்பியைப் பிடித்துத் தொங்கும், அதன் மேல் ஏறி உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கும். யாரும் பதறுவதில்லை. கம்பி இருக்கிறதே!

இதே ஊரிலிருந்து பேரனையோ பேத்தியையோ பார்க்கச் சென்னைக்குப் பஸ் ஏறும் பாட்டிகளுக்கு அங்கே ஒரு புது ஜன்னல் காத்திருக்கிறது. அகலமான கண்ணாடி. கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு திறக்கிறது. ஜிலுஜிலுவென்று காற்று. எட்டிப் பார்த்தால் கீழே கார்கள் தீப்பெட்டி சைஸில் தெரிகின்றன. அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் ஒன்று அப்போது தொடங்கும்.

“ஏம்ப்பா, ஜன்னலுக்குக் கம்பி போடலையா?”

“ஏழாவது மாடிக்குத் திருடன் எப்படிம்மா வருவான்?”

“திருடன் வரமாட்டான்ப்பா... புள்ள போயிடுமே!”

பாட்டி கேட்பதுதான் சரியான கேள்வி. ஊர் வீட்டில் கம்பி போட்டது திருடனுக்குப் பயந்துதான். ஆனால், அதே கம்பி தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளையும் காத்து வந்தது. மாடி ஏற ஏறத் திருடன் பயம் குறைந்தது; கம்பியைக் கழற்றிவிட்டோம். கம்பி செய்துகொண்டிருந்த இன்னொரு வேலையை மறந்துவிட்டோம்.

திருமுல்லைவாயலில் அந்த ஞாயிற்றுக்கிழமை

2024 ஏப்ரல் 28. ஆவடியை அடுத்த திருமுல்லைவாயலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நான்காவது மாடி பால்கனியில் தாயின் கையிலிருந்து சில மாதக் குழந்தை ஒன்று நழுவியது. கீழே இருந்த கூரைத் தகட்டின் சரிவில் விழுந்து, அதன் விளிம்பில் தொற்றிக்கொண்டு கிடந்தது. எந்த நொடியிலும் தரையில் விழலாம் என்ற நிலை. குடியிருப்பில் இருந்தவர்கள் கீழே பெட்ஷீட்டை விரித்துப் பிடித்தார்கள். சில ஆண்கள் ஜன்னல் வழியே வெளியேறி, சுவரைப் பிடித்தபடி எட்டிக் குழந்தையை மீட்டார்கள். அந்தக் காட்சியின் வீடியோவை நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. குழந்தை பிழைத்தது.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால், சமூக வலைதளங்களில் வேறொரு விசாரணை ஆரம்பித்தது. “அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்?”, “பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?” என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே மாதம் அந்தத் தாய் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த விமர்சனங்களால் அவர் மனமுடைந்திருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. குழந்தையைக் காப்பாற்றிய நம்மால் தாயைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த நாள்களில் தாயைப் பற்றிக் கருத்து சொன்னவர்கள் ஏராளம். “குழந்தை கை நழுவினால் தடுக்க ஒரு பால்கனியில் என்ன இருக்க வேண்டும்? நம் வீட்டில் அது இருக்கிறதா?” என்று கேட்டவர்கள் குறைவு. குழந்தை வளர்க்கும் எந்தத் தாய்க்கும், தகப்பனுக்கும், தாத்தா பாட்டிக்கும் கை தளரும் ஒரு நொடி வரும். அடுப்பில் பால் பொங்கும், வாசலில் காலிங் பெல் அடிக்கும், போன் வரும். அந்த ஒரு நொடியைத் தாங்கிக்கொள்ளும்படி வீடு இருக்க வேண்டும்.

‘குழந்தைகளால் பறக்க முடியாது’

கேள்வியை மாற்றிக் கேட்ட ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூயார்க். 1970-களின் தொடக்கத்தில் அங்கே கோடைக்காலம் வந்தாலே ஜன்னலிலிருந்து குழந்தைகள் விழுந்த செய்தி வருவது வழக்கமாக இருந்தது. ஏ.சி. இல்லாத, நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகள். புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவைப்பார்கள். அந்த நகரத்தின் சுகாதாரத் துறை, ‘குழந்தைகளால் பறக்க முடியாது’ என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

பெற்றோருக்கு அறிவுரை சொல்வதோடு அது நிற்கவில்லை. சிறு குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு ஊழியர்கள் நேரில் போனார்கள். எளிதாகப் பொருத்தக்கூடிய ஜன்னல் தடுப்புக் கம்பிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். பிராங்க்ஸ் பகுதியில் இரண்டே ஆண்டுகளில் இப்படி விழும் சம்பவங்கள் பாதியாகக் குறைந்தன. அந்த அனுபவத்தை வைத்து 1976-ல் நியூயார்க் ஒரு விதி கொண்டுவந்தது. அடுக்குமாடி வீட்டில் 10 வயது அல்லது அதற்குக் குறைந்த குழந்தை இருந்தால், ஜன்னல் தடுப்பு பொருத்தித் தருவது கட்டட உரிமையாளரின் பொறுப்பு. அமெரிக்காவில் இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்த முதல் நகரம் அதுதான்.

வசதி படைத்தவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். 1991 மார்ச் மாதம், அதே நியூயார்க்கில் 53-வது மாடி ஜன்னலிலிருந்து நான்கு வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். துடைப்பதற்காகத் திறந்துவிடப்பட்ட ஜன்னல் அது. இறந்தது உலகப் புகழ்பெற்ற கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனின் மகன்.

ஒன்றரை விநாடிதான்

தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் அது ‘உயரமான கட்டடம்’. நான்கு மாடிக் குடியிருப்பு பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே வராது. ஆனால், ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் நான்காவது மாடியின் தரை மட்டம் சுமார் 12 மீட்டர் உயரம். அங்கிருந்து விழும் எதுவும் தரையைத் தொட ஒன்றரை விநாடிதான் ஆகும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 55 கிலோமீட்டர். ‘ஐயோ’ என்று கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சின்னக் குழந்தைகளுக்கு ஏன் இந்த ஆபத்து அதிகம்? அவர்களின் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, கனமானது. எட்டிப் பார்க்கும்போது தலை வெளியே போனால், உடம்பும் அதன் பின்னாலேயே போய்விடும். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை ஏறுவதற்குத் தெரியும். ஏறினால் என்ன ஆகும் என்று தெரியாது. கீழே நிற்கும் அப்பாவுக்கு டாட்டா காட்டவும், தெருவில் போகும் ஐஸ்க்ரீம் வண்டியைப் பார்க்கவும் அவர்களுக்கு அவசரம்.

பால்கனி கைப்பிடிச்சுவர் குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நான்கு வயதுக் குழந்தையின் உயரமும் ஏறக்குறைய 1 மீட்டர்தான். அதன் பக்கத்தில் 40 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டால், அதில் ஏறி நிற்கும் குழந்தைக்குச் சுவர் இடுப்பளவுதான் வரும். விதிப்படி கட்டிய சுவரை ஒரு ஸ்டூல் தோற்கடித்துவிடும். பூந்தொட்டி, வாஷிங் மெஷின், பழைய பேப்பர் கட்டு, தண்ணீர் கேன், ஏ.சி.யின் வெளிப்பெட்டி என எல்லாமே குழந்தைக்குப் படிக்கட்டுதான்.

படுக்கையறையில் இடம் போதவில்லை என்று கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போடும் வீடுகள் எத்தனை! கட்டிலில் குதித்து விளையாடும் பிள்ளைக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.

கொசுவலை காவல் காக்காது

பல வீடுகளில் அங்கே இருப்பது கொசுவலை. ‘வலைதான் இருக்கே’ என்று மனசு நிம்மதியாகிவிடும். ஆனால், அது கொசுவைத் தடுக்கச் செய்யப்பட்டது. வெல்க்ரோவில் ஒட்டியது, காந்தத்தில் நிற்பது, ரப்பர் பட்டையைக் காடியில் திணித்துப் பொருத்தியது என எந்த வகையும் குழந்தை சாய்ந்தால் தாங்காது. வலை இருப்பதால் குழந்தை தைரியமாகச் சாயும் என்பது இன்னும் மோசம். புறா வலையும் அப்படித்தான். புறாவின் எடைக்குப் போட்டதில் பிள்ளையின் எடையை நம்பி வைக்க முடியாது.

வேறு என்ன செய்யலாம்?

இரும்பு அல்லது ஸ்டீல் கிரில்: பழைய, நம்பகமான வழி. கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. நான்கு விரலை மடக்காமல் சேர்த்து வைத்தால் வரும் அகலத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்தையும் இதுவே தவிர்க்கும். முடிந்தவரை நெடுக்குக் கம்பியாகப் போடுங்கள். குறுக்குக் கம்பி போட்டால் அது ஏணியாகிவிடும். ஊர் வீட்டு ஜன்னலில் கம்பி நெடுக்காக நின்றதன் அருமை இப்போது புரிகிறதா?

இன்விசிபிள் கிரில்: மேலும் கீழும் அலுமினியப் பட்டை, நடுவே மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வயர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ‘கட்டடத்தின் அழகு கெடும், கிரில் போடக் கூடாது’ என்று சொல்லும் அசோசியேஷன்கள்கூட இதற்குச் சம்மதிப்பதுண்டு. ஆனால், பட்டையைச் சுவரில் பிடித்திருக்கும் திருகாணிகளில்தான் இதன் பலம் இருக்கிறது. வயர்கள் நாளடைவில் தளரும். இரண்டு வயர்களைக் கையால் விலக்கிப் பாருங்கள். குழந்தையின் தலை போகும் அளவுக்கு விலகினால் உடனே இறுக்கச் சொல்ல வேண்டும்.

ஜன்னல் தடுப்பான்: ஸ்லைடிங் ஜன்னல் 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காமல் நிறுத்தும் சின்ன ஸ்டாப்பர் அல்லது பூட்டு. வாடகை வீட்டில் கிரில் போட முடியாதவர்களுக்கு இது உடனடித் தீர்வு. காற்று வரும், பிள்ளை வெளியே போக முடியாது.

இது சென்னைக்கு மட்டும் சொல்லும் யோசனை இல்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சம்பாதித்து ஊர்ப்பக்கம் கட்டும் புது மாடி வீடுகளிலும் ஸ்லைடிங் ஜன்னலும் கண்ணாடிக் கைப்பிடியும் வந்துவிட்டன. முதல் மாடியிலிருந்து விழுந்தாலும் தலைக் காயம் தலைக் காயம்தான்.

தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவது?

கம்பி போடச் சொன்னால் பலர் கேட்கும் நியாயமான கேள்வி இது. வீட்டைக் கூண்டு மாதிரி அடைத்துவிட்டால், தீ விபத்தின்போது அதே கம்பி எமனாகிவிடும். அதனால், எல்லா கிரில்லையும் சுவரோடு வெல்டிங் அடித்து மூடாதீர்கள். படுக்கையறைப் பக்கம் ஒன்று, பால்கனியில் ஒன்று என கிரில்லுக்குள்ளேயே திறக்கும் கதவு வையுங்கள். பூட்டு இருந்தால், சாவி குழந்தைக்கு எட்டாத, ஆனால் பெரியவர்கள் எல்லாருக்கும் இருட்டிலும் கை போகும் இடத்தில் தொங்கட்டும். இன்விசிபிள் கிரில் போட்டவர்கள் நல்ல வயர் கட்டர் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தா பாட்டிக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்.

ஜன்னலே கழன்று விழுந்தால்?

2015 ஏப்ரல், சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட் பகுதி. இரண்டாவது மாடியின் வெளிப்புறத்தில் ஒரு குழந்தை தலை மாட்டிக்கொண்டு தொங்குவதை, அருகில் சாலை வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்தியத் தொழிலாளர்கள் இருவர் பார்த்தார்கள். பெயரைக் கேட்டாலே தமிழர்கள் என்று தெரியும். ஒருவர் மேலே ஏறிக் குழந்தையைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் உதவிக்கு நிற்க, மீட்புப் படையினர் வரும் வரை அந்தக் குழந்தை பத்திரமாக இருந்தது. சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை இருவருக்கும் விருது கொடுத்துப் பாராட்டியது.

மக்களில் மிகப் பெரும்பாலோர் அடுக்குமாடியில் வாழும் நாடு சிங்கப்பூர். ஜன்னல் விஷயத்தில் நாம் கற்றுக்கொள்ள அங்கே இன்னொரு பாடமும் இருக்கிறது. ஆள் விழுவது ஒரு பக்கம். ஜன்னலே கழன்று கீழே போகிறவர் தலையில் விழுவது இன்னொரு பக்கம். வெளிப்பக்கமாகத் திறக்கும் ஜன்னல்களில், கதவைச் சட்டத்தோடு இணைக்கும் ரிவெட்டுகள் அலுமினியத்தில் இருந்தன. வெயில், மழை, ஈரக்காற்று பட்டு அவை அரித்துப்போய் ஜன்னல் கதவுகள் அப்படியே கீழே விழுந்தன. 2004-ல் சிங்கப்பூர் அரசு உத்தரவு போட்டது: அலுமினிய ரிவெட்டுகளைக் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட்டுகளைப் பொருத்த வேண்டும். மாற்றாதவர்களுக்கு 5,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. பராமரிக்காமல் ஜன்னல் விழுந்துவிட்டால் 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். ஸ்லைடிங் ஜன்னல்களுக்கும் தடத்தைவிட்டு வெளியே வராமல் தடுக்கும் ஸ்டாப்பர் கட்டாயமானது.

எடையைக் கணக்குப் போட்டால் இந்தக் கண்டிப்பு ஏன் என்று புரியும். 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. சாதாரண ஸ்லைடிங் கதவு ஒன்றின் கண்ணாடி மட்டுமே பத்து கிலோவைத் தொட்டுவிடும். ஏழாவது மாடியிலிருந்து அது விழுந்தால், தரையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம். உப்புக்காற்று அடிக்கும் சென்னையின் கடலோரக் குடியிருப்புகளில் திருகாணியும் ரிவெட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். புயல் சீஸனுக்கு முன்பாக, அதாவது ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள், ஒவ்வொரு ஜன்னலையும் ஒரு முறை ஆட்டிப் பார்ப்பது நல்லது.

எந்தக் கண்ணாடி கேட்டு வாங்க வேண்டும்?

மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல், டோலமைட். கண்ணாடிக்கு முக்கியமான மூலப்பொருள்கள் இவைதான். அரியலூர்க்காரர்களுக்குச் சுண்ணாம்புக்கல் என்றால் சிமென்ட் ஆலைதான் ஞாபகம் வரும். கண்ணாடிக்கும் அது வேண்டும். இவற்றை உருக்கி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமமான பலகையாக எடுப்பதுதான் ‘ஃப்ளோட் கிளாஸ்’. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் உலகுக்கு அறிவித்த முறை இது. நம் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட்-கோபைன் ஆலை 2000-ம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று கண்ணாடித் தொழிலில் முக்கியமான ஊர்களில் ஒன்று அது.

கண்ணாடிக் கடைக்குப் போகும்போது மூன்று வகைகளைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீளத் துண்டுகளாகும். விலை குறைவு, ஆபத்து அதிகம்.

‘டஃபன்டு’ கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைப்பார்கள். சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம். உடைந்தால் கற்கண்டு போலச் சின்னச் சின்னத் துண்டுகளாக உதிரும். ஆனால், உடைந்தால் மொத்தமும் உதிர்ந்து அந்த இடம் திறந்துகிடக்கும் என்பதை மறக்கக் கூடாது.

‘லேமினேட்டட்’ கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. காரின் முன்பக்கக் கண்ணாடி இந்த வகைதான். கல் பட்டால் விரிசல் விடும், ஆனால் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பால்கனிக் கண்ணாடிக் கைப்பிடிக்கும், தரை வரை இறங்கும் பெரிய ஜன்னலுக்கும் இதுதான் ஏற்றது. டஃபன்டு கண்ணாடிகளையே இப்படி ஒட்டி வாங்கினால் இரட்டைப் பாதுகாப்பு.

பாதுகாப்புக் கண்ணாடிக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 2553. இதற்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020-ல் பிறப்பித்தது. ‘டஃபன்டுதான் சார், நம்பி வாங்குங்க’ என்று கடைக்காரர் சொன்னால், கண்ணாடியின் மூலையில் அழியாமல் பொறித்த முத்திரையையும் ஐ.எஸ்.ஐ. குறியையும் காட்டச் சொல்லுங்கள். டஃபன்டு செய்த பிறகு கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து ‘சைஸ் கொஞ்சம் அதிகம்’ என்று வைரக்கட்டரால் வெட்டினால், அது டஃபன்டு இல்லை என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

கண்ணாடி நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? பொருத்துவதும் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டனில் 60 மாடி ஜான் ஹான்காக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது, 1973 ஜனவரியில் வீசிய காற்றில் கண்ணாடிகள் பெயர்ந்து விழுந்தன. ஒவ்வொன்றும் 225 கிலோவுக்கு மேல். இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தை ஒட்டிய விதம், காற்றுக்கும் வெப்பத்துக்கும் நெகிழ்ந்துகொடுக்காமல் விறைப்பாக இருந்ததுதான் காரணம். கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதுவரை திறந்த இடங்களில் பிளைவுட் பலகை அடித்திருந்தார்கள்.

பொங்கலுக்குக் கண்ணாடி துடைக்கும்போது

பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் வீட்டைக் கழுவித் துடைப்பது நம் வழக்கம். தரைவீட்டில் அது வேலை. ஏழாவது மாடியில் சாகசம். ஜன்னல் திட்டில் ஏறி நின்று, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்தபடி, வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைக்கும் பெண்களின் வீடியோக்கள் அவ்வப்போது வைரலாகின்றன. வீட்டு வேலைக்கு வருபவரை இப்படித் துடைக்கச் சொல்வதும் நடக்கிறது. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்கள் இப்படி விழுந்து இறந்த சம்பவங்களுக்குப் பிறகு, 2012-ல் விதி வந்தது. ஜன்னலில் கிரில் இருந்து, துடைக்கும் நேரம் முழுவதும் அது பூட்டியிருந்து, பெரியவர் ஒருவர் உடனிருந்தால்தான் வெளிப்பக்கத்தைத் துடைக்கச் சொல்லலாம். நம் வீட்டிலும் அதே விதியைப் போட்டுக்கொள்வோம். கைக்கு எட்டுவதை நீளக் கைப்பிடி வைத்த துடைப்பானால் உள்ளிருந்தே துடைப்போம். எட்டாதது அழுக்காகவே இருக்கட்டும். குடியிருப்பு மொத்தத்துக்கும் சேர்த்து, கயிறும் இடுப்புப் பட்டையும் கட்டிய பயிற்சி பெற்ற ஆள்களை ஆண்டுக்கு ஒரு முறை வரவழைத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

செலவு யாருடையது?

புது வீடு வாங்கியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால், சொன்ன 30 நாள்களுக்குள் கட்டுநர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். தடத்தைவிட்டுக் கழலும் ஜன்னல், ஆடும் பால்கனிக் கைப்பிடி ஆகியவற்றை போட்டோ எடுத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். வாய்வார்த்தை காற்றில் போய்விடும்.

வாடகைக்குப் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஜன்னல் தடுப்பைப் பற்றிப் பேசுங்கள். தண்ணீர் வருமா, கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்பது போல இதையும் கேட்கலாம். அசோசியேஷன் கூட்டத்தில் ‘அழகு கெடும்’ என்று யாராவது சொன்னால், எந்த மாதிரி கிரில் போட்டால் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று முடிவெடுத்து மொத்தமாகச் செய்துகொள்ளலாம். மொத்தமாகப் போட்டால் செலவும் குறையும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

- கட்டில், சோபா, ஸ்டூல், பூந்தொட்டி எதுவும் ஜன்னல், பால்கனி ஓரத்தில் இருக்கிறதா? நகர்த்துங்கள்.
- கிரில், கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.
- ஸ்லைடிங் கதவை மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். தடத்தைவிட்டு வெளியே வந்தால் ஆளைக் கூப்பிட்டு உடனே சரிசெய்யுங்கள்.
- கீல், ரிவெட், திருகாணியில் துரு இருக்கிறதா? கதவு ஆடுகிறதா?
- ஜன்னல் திட்டில், கைப்பிடிச்சுவர் மேல் வைத்த தொட்டி, சோப்பு டப்பா, செல்போன் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவையுங்கள். விழும் செல்போனை எட்டிப் பிடிக்கப் பாய்வதும் ஆபத்துதான்.
- கைக்குழந்தையோடு பால்கனியில் நின்று நிலாச்சோறு ஊட்டும் பழக்கம் இருந்தால், சுவரோரத்தை விட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்து ஊட்டுங்கள். நிலா அங்கிருந்தும் தெரியும்.

பக்கத்து வீட்டில் இப்படி ஏதாவது நடந்துவிட்டால், முதலில் ஓடிப்போய் உதவுங்கள். பிறகு அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீடியோவை ஃபார்வர்டு செய்ய வேண்டாம். ‘உன்னால்தான்’ என்ற சொல்லை யாரும் சொல்ல வேண்டாம். குழந்தை பிறந்த முதல் ஆண்டில் தாய்மார்களின் மனம் எளிதில் சோர்ந்துபோகும் என்பதை வீட்டில் உள்ளவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை வரதராஜன்பேட்டையிலிருந்து பாட்டி வந்து ஜன்னலைப் பார்த்து “கம்பி போட்டாச்சாப்பா?” என்று கேட்கும்போது, “போட்டாச்சும்மா, ஆட்டிப் பாருங்க” என்று சொல்ல முடிய வேண்டும். அவர் ஆட்டிப் பார்ப்பார். அசையவில்லை என்றால்தான் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வரும்.

*மனச்சோர்வோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ வந்தால் உடனே பேசுங்கள். தமிழக அரசின் உதவி எண்: 104. டெலி மனாஸ்: 14416. சினேகா, சென்னை: 044-24640050.*